எங்கே மோர் ஊற்றுவது, எங்கே கூடாது? ஆங்கில கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ் பற்றி ஓர் இழை

ஜூன் 12, இரவு 9.10 – கேள்வி

ஒன்றை விட ஒன்று கூடுதல் என்றால் கம்பேரட்டிவ், எல்லாவற்றிலும் கூடுதல் என்றால் சூப்பர்லேட்டிவ். இவற்றுக்குச் சின்ன வார்த்தையில் ஈஆர், ஈஎஸ்டி. பெரிய வார்த்தையில் மோர், மோஸ்ட். எல்லா கைடிலும் இதைத்தான் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 'ஸ்ட்ரெய்ட்' எட்டு எழுத்து, அதற்கு ஏன் 'ஸ்ட்ரெய்ட்டர்'? 'ஓப்பன்' நாலே எழுத்து, அதற்கு ஏன் 'மோர் ஓப்பன்'? 'மோர் ஹேப்பி' தப்பு என்கிறார் ஒருவர். 'க்ளெவரர்' என்று ஒரு சொல்லே கிடையாது என்கிறார் இன்னொருவர். விதி என்று ஒன்று உண்டா, வாய்க்கு வந்ததுதான் விதியா?

ஜூன் 12, இரவு 9.55

எழுத்தை எண்ணியதுதான் கோளாறு. எண்ண வேண்டியது அசையை. 'ஸ்ட்ரெய்ட்' எட்டு எழுத்தானாலும் அதில் உயிரொலி ஒன்றுதான், எனவே ஓரசை. 'ஓப்பன்' நாலெழுத்தில் ஈரசை.

கை தட்டி எண்ணச் சொல்வார்கள். தமிழ் வாயில் அந்தத் தட்டு பொய் சொல்லும். நாம் 'பிக்' என்று நிறுத்துவதில்லை, 'பிக்கு' என்போம். 'ஃபாஸ்ட்' நமக்கு 'ஃபாஸ்ட்டு'. கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்த உகரத்தையும் சேர்த்துத் தட்டினால் ஓரசைச் சொல்லெல்லாம் ஈரசை ஆகிவிடும், பையன் 'மோர் பிக்' என்று எழுதுவான். உகரத்தை வெட்டிவிட்டு எண்ணுங்கள். சந்தேகமென்றால் அகராதியில் சொல்லைப் பிரித்துக் காட்டியிருக்கும், அதைப் பாருங்கள்.

எண்ணிய பிறகு:

ஓரசை என்றால் ஈஆர், ஈஎஸ்டி. மூன்று அசையோ அதற்கு மேலோ என்றால் மோர், மோஸ்ட். தகராறெல்லாம் ஈரசையில்தான். அங்கே நீளத்தைப் பார்த்துப் பயனில்லை, சொல்லின் வாலைப் பாருங்கள்.

வால் ஒய் என்றால் தயங்காமல் ஈஆர்: ஹேப்பியர், ஈஸியர், ஹெவியர், பிஸியர், ஃப்ரெண்ட்லியர். 'சிம்பிள்', 'ஜென்டில்', 'நோபிள்' போல எல்ஈ வாலுக்கும் ஈஆர்தான்: சிம்ப்ளர், ஜென்ட்லர், நோப்ளர். 'நேரோ', 'ஷேலோ' போல ஓடபிள்யூ வால்: நேரோவர், ஷேலோவர். ஈஆரே வாலாக இருந்தாலும் ஒட்டலாம்: க்ளெவரர், டெண்டரர். 'க்ளெவரர்' நல்ல சொல், அகராதியில் இருக்கிறது. நாக்கு தடுக்குகிறது என்பதற்காக 'மோர் க்ளெவர்' சொல்பவர்களும் உண்டு, அதுவும் சரி.

ஃபுல், லெஸ், அஸ், இவ், இங், ஈடி என்று முடிந்தால் மோர் மட்டும்: மோர் யூஸ்ஃபுல், மோர் கேர்லெஸ், மோர் ஃபேமஸ், மோர் ஆக்டிவ், மோர் போரிங், மோர் க்ரவுடட். இங்கே ஈஆர் ஒட்டவே ஒட்டாது.

மிச்சம் கொஞ்சம் இருக்கிறது: காமன், க்வையட், ப்ளெசன்ட், ஹேண்ட்சம், பொலைட், க்ரூயல், ஸ்டுப்பிட். இவற்றுக்கு இரண்டும் வரும். க்வையட்டுக்கு 'க்வையட்டர்' அதிகம் வழங்கும். ப்ளெசன்ட்டுக்கு 'மோர் ப்ளெசன்ட்'.

ஜூன் 13, காலை 7.20

ராத்திரி எழுதியதில் ஒரு தப்பு. 'ஓரசை என்றால் ஈஆர்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டேன். வினையிலிருந்து வந்த ஓரசைச் சொற்கள் அதில் சேராது. 'போர்ட்' அதாவது சலிப்படைந்த நிலை, 'மோர் போர்ட்' தான். ஈஆர் ஒட்டினால் நாட்டு எல்லை ஆகிவிடும். அப்படியே மோர் ஹர்ட், மோர் லாஸ்ட், மோர் வோர்ன். 'ரியல்', 'ராங்', 'ரைட்', 'ஜஸ்ட்' இவையும் மோர் பக்கம்: 'மோர் ரியல்', 'மோர் ராங்'. 'ஃபன்' பாடு இழுபறி. 'ஃபன்னர்' பேச்சில் உண்டு, தேர்வில் எழுதினால் சுழித்துவிடுவார்கள். 'மோர் ஃபன்' எழுதினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஜூன் 13, காலை 7.35

தமிழில் எழுதினால் 'உயரமான' டாலரும் அமெரிக்க டாலரும் ஒன்றாகிவிடுகிறது என்று ஒருவர் கிண்டல். மோரும் மோர்தான். 'விட' என்று பொருள் தரும் ஆங்கிலத் 'தேன்' வேறு பின்னால் வருகிறது. சமையலறைக்குள் நுழைந்துவிட்டோம், சமாளிப்போம்.

ஜூன் 13, மதியம் 1.05

ஸ்பெல்லிங்குக்கு வருகிறேன், மார்க் போகும் இடம் அதுதான்.

கடைசி மூன்று எழுத்தைப் பின்னாலிருந்து பாருங்கள். மெய், ஒற்றை உயிர், மெய் என்று அமைந்த ஓரசைச் சொல்லில் கடைசி மெய் இரட்டிக்கும். 'பிக்' என்றால் ஜி இரண்டு, 'ஹாட்' என்றால் டி இரண்டு, 'தின்' என்றால் என் இரண்டு, 'சேட்', 'வெட்', 'ரெட்', 'ஸ்லிம்' எல்லாம் அப்படியே. ஏன் இரட்டிக்க வேண்டும்? முன்னால் இருக்கும் உயிர் குறிலாகவே நிற்பதற்கு. ஒற்றை மெய்யும் ஈயும் சேர்ந்து வந்தால் ஆங்கிலக் கண் அந்த உயிரை நெடிலாகப் படிக்கும். இதற்குக் கைவசம் ஒரு ஜோடி இருக்கிறது: 'லேட்டர்', 'லாட்டர்'. இரண்டும் 'லேட்' என்ற சொல்லின் பிள்ளைகள். நடுவில் டி ஒன்று என்றால் 'பிற்பாடு'. இரண்டு என்றால் 'சொன்ன இரண்டில் பின்னது'. ஓர் எழுத்தில் ஒலியும் மாறுகிறது, பொருளும் மாறுகிறது.

இரட்டிக்காத இடங்கள்: உயிர் இரண்டு இருந்தால் வேண்டாம் (சீப், டீப், கூல்). மெய் இரண்டில் முடிந்தால் வேண்டாம் (ஃபாஸ்ட், திக், லாங்). டபிள்யூ, எக்ஸ், ஒய் மூன்றும் எந்நாளும் இரட்டிக்காது. 'நியூவர்', 'ஸ்லோவர்', 'க்ரேயர்' எல்லாம் ஒற்றையே. ஈரசையில் கடைசி அசை அழுத்தமில்லாததால் 'காமனர்', 'க்வையட்டர்', 'ஸ்டுப்பிடர்' ஒற்றைதான். 'க்ரூயல்' மட்டும் பிரிட்டனில் எல் இரண்டு, அமெரிக்காவில் ஒன்று.

ஈயில் முடிந்தால் ஆர் மட்டும் சேருங்கள்: லார்ஜ், ஒய்ட், நைஸ். 'ஃப்ரீ' என்ற சொல்லில் ஏற்கெனவே ஈ இரண்டு. 'ஃப்ரீயர்', 'ஃப்ரீயஸ்ட்' எழுதும்போதும் இரண்டுதான். மூன்று போட்டு ரயில் விடுகிறவர்கள் உண்டு.

மெய்க்குப் பின் ஒய் வந்தால் அது ஐ ஆகும். உயிருக்குப் பின் வந்தால் ஆகாது, அதனால் 'க்ரேயர்' ஒய்யோடு நிற்கும். ஓரசையில் ஒரு முரண்டு: 'ஷை' ஒய்யை விடாது, 'ஷையர்' என்பதிலும் ஒய்தான் வழக்கம். 'ட்ரை' (உலர்ந்த) விட்டுக்கொடுத்து ஐ ஆகும். துணி உலர்த்தும் மெஷினுக்கு ஒய், 'இன்னும் உலர்ந்த' என்பதற்கு ஐ என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஜூன் 13, இரவு 10.40

உச்சரிப்பில் ஒன்று விட்டுப்போனது. 'லாங்', 'ஸ்ட்ராங்', 'யங்'. ஆங்கிலத்தில் இவை வெறும் ங் ஒலியோடு முடியும், ககரம் கேட்காது. ஆனால் 'லாங்கர்', 'ஸ்ட்ராங்கர்', 'யங்கர்' என்றதும் ககரம் முளைத்துவிடும். இந்த மூன்றுக்குத்தான் இந்தச் சலுகை. 'பாடகர்' என்று பொருள் தரும் 'சிங்ஙர்' சொல்லில் ககரம் கிடையாது. தமிழில் ங்-க்குப் பின்னால் ககரம் வராமல் நமக்கு நாக்கு ஓடாது (நாங்கள், தங்கம், பங்கு), அதனால் 'லாங்கர்' நமக்குத் தானாகச் சரியாக வரும், 'சிங்ஙர்' தானாகத் தப்பாக வரும்.

ஜூன் 14, காலை 6.50

'மோர் டாலர்', 'மோர் பெட்டர்' ஏன் ஒழியவே மாட்டேன் என்கிறது என்று ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். அடித்துத் திருத்துவதற்கு முன்னால் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் டீச்சர்.

'அவன் என்னை விட உயரம்.' இதில் 'உயரம்' அசையவே இல்லை. ஒப்பிடும் வேலை முழுவதையும் 'விட' செய்துவிடுகிறது. 'காட்டிலும்' போட்டாலும் அதே கதை. பழைய தமிழிலும் இப்படித்தான்: ஐந்தாம் வேற்றுமை இன் உருபுக்கு ஒப்பிடுவதும் ஒரு வேலை என்று தொல்காப்பியம் சொல்கிறது, 'இதனின் இற்று இது' என்று. 'காக்கையிற் கரிது களம்பழம்' என்ற பழைய எடுத்துக்காட்டில் 'கரிது' என்பது 'கரிது' தான். கூடுதல் கறுப்பு என்பதற்குச் சொல்லில் எந்த அடையாளமும் ஏறவில்லை.

ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கு 'தேன்' என்பதுதான் 'விட'. அது வந்துவிட்டால் வேலை முடிந்தது. முதல் கட்டத் தப்பு 'ஹி இஸ் டால் தேன் மீ'. யாராவது 'ஈஆர் எங்கே?' என்று அதட்டுவார்கள். இரண்டாம் கட்டத்தில் பயந்துபோய் ஈஆரும் போடும், மோரும் போடும். 'மோர் டாலர்' என்பது பயத்தின் பிள்ளை.

செய்து பார்க்க ஒன்று: முதல் வாரம் 'தேன்' இல்லாமலே பழக்குங்கள். இரண்டு பென்சிலைக் காட்டி 'விச் ஒன் இஸ் லாங்கர்?' 'திஸ் ஒன் இஸ் லாங்கர்.' அவ்வளவுதான். 'விட' இல்லாததால் ஒப்பீடு முழுவதும் ஈஆர் தலையில் விழும், பிள்ளைக்கு அந்த ஈஆரின் கனம் தெரியும். 'தேன்' அடுத்த வாரம் வரட்டும்.

ஜூன் 14, காலை 8.15

'ஷேக்ஸ்பியரே மோஸ்ட் அன்கைண்டஸ்ட் என்று எழுதியிருக்கிறாரே' என்று ஒருவர். எழுதியிருக்கிறார், ஜூலியஸ் சீசர் நாடகத்தில். அந்தக் காலத்தில் இரட்டை சூப்பர்லேட்டிவ் அழுத்தத்துக்காக வந்தது, யாரும் தப்பு என்று நினைக்கவில்லை. பின்னால் பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் பிடித்துத் தள்ளினார்கள். திருத்தும் ஆசிரியரிடம் ஷேக்ஸ்பியரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் மார்க் வராது.

தள்ளியும் ஒன்று தப்பித்துவிட்டது: 'லெஸ்ஸர்'. 'லெஸ்' என்பதே கம்பேரட்டிவ், அதன் மேல் இன்னொரு ஈஆர். அதற்கு வேலை குறைவு: பறவைப் பெயரில் 'லெஸ்ஸர் ஃப்ளமிங்கோ', பிறகு 'லெஸ்ஸர் நோன்', 'லெஸ்ஸர் ஈவில்' போன்ற இடங்கள். 'லெஸ்ஸர் மார்க்ஸ்', 'லெஸ்ஸர் ப்ரைஸ்' என்று நாம் எழுதுவது சரியில்லை. மதிப்பெண்ணுக்கு 'ஃபியூவர்' அல்லது 'லோவர்', விலைக்கு 'லோவர்'. 'சீப்பர் ப்ரைஸ்' என்பதையும் விட்டுவிடலாம். சீப் ஆவது பொருள், விலை குறைவது 'லோ'.

ஜூன் 14, மாலை 5.30

இனி பரீட்சை. நம் ஊரில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' என்றாலே ஒரே வாக்கியத்தை மூன்று டிகிரியில் மாற்றி எழுதும் கேள்விதான். உள்ளூர் மலையை வைத்தே பார்க்கலாம். தமிழ்நாட்டின் உயரமான சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர்.

சூப்பர்லேட்டிவ்: தொட்டபெட்டா இஸ் த ஹையஸ்ட் பீக் இன் தமிழ்நாடு.
கம்பேரட்டிவ்: தொட்டபெட்டா இஸ் ஹையர் தேன் எனி அதர் பீக் இன் தமிழ்நாடு.
பாசிட்டிவ் (ஈஆர், மோர் எதுவும் ஏறாத வெறும் சொல்): நோ அதர் பீக் இன் தமிழ்நாடு இஸ் ஆஸ் ஹை ஆஸ் தொட்டபெட்டா.

நடுவில் இருக்கும் 'அதர்' போனால் மார்க் போகும், காரணமும் இருக்கிறது. 'எனி பீக் இன் தமிழ்நாடு' என்ற கூட்டத்தில் தொட்டபெட்டாவும் ஓர் ஆள். தன்னை விடத் தானே உயரம் என்று ஆகிவிடும்.

இப்போது ஆனைமுடியை எடுங்கள், 2,695 மீட்டர், கேரளாவில் இருக்கிறது. 'ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு.' இங்கே 'அதர்' போட்டால்தான் தப்பு, ஏனென்றால் அது தமிழ்நாட்டுக் கூட்டத்தில் ஆளே இல்லை. கைடில் 'எனி அதர்' என்று சூத்திரமாக மனப்பாடம் செய்தவர்கள் விழும் இடம் இது. 'ஒப்பிடும் ஆள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயா, வெளியேவா?' என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் போதும்.

'எனி அதர்', 'நோ அதர்' இரண்டுக்கும் பின்னால் ஒருமை: பீக், பாய், சிட்டி. 'ஒன் ஆஃப் த' என்றால் பன்மை: ஒன் ஆஃப் த ஹையஸ்ட் பீக்ஸ். அதை மாற்றினால் 'ஹையர் தேன் மோஸ்ட் அதர் பீக்ஸ்', 'வெரி ஃபியூ பீக்ஸ் ஆர் ஆஸ் ஹை ஆஸ்'. 'ஃபியூ' முன்னால் 'எ' போட்டுவிட்டால் பொருள் தலைகீழ், 'சில உண்டு' ஆகிவிடும்.

ஜூன் 14, மாலை 6.10

மேலே சொல்ல மறந்த பெரிய பள்ளம்: 'ராமு இஸ் நாட் டாலர் தேன் சோமு.' இதை பாசிட்டிவ் ஆக்கச் சொன்னால் பாதிப் பேர் 'ராமு இஸ் நாட் ஆஸ் டால் ஆஸ் சோமு' என்று எழுதுகிறார்கள். தப்பு. 'நாட் ஆஸ் டால்' என்றால் ராமு குள்ளம் என்று முடிவாகிவிடும். 'நாட் டாலர்' அப்படிச் சொல்லவில்லை; இருவரும் 160 சென்டிமீட்டராகவே இருந்தாலும் அந்த வாக்கியம் உண்மைதான். அதனால் விடை: சோமு இஸ் அட் லீஸ்ட் ஆஸ் டால் ஆஸ் ராமு. ஆளை மாற்றிப் போட்டு, 'அட் லீஸ்ட்' சேர்க்க வேண்டும். 'ராமு சோமுவை விட உயரமில்லை' என்று தமிழில் சொன்னாலும் கேட்பவர் ராமு குள்ளம் என்றுதான் எடுத்துக்கொள்வார். தப்பின் வேர் அங்கே இருக்கிறது.

ஜூன் 14, இரவு 9.45

இன்னொரு தமிழ் வேர். 'சென்னையின் மக்கள்தொகை மதுரையை விட அதிகம்.' தமிழில் யாருக்கும் உறுத்தாது. அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் மக்கள்தொகையை ஓர் ஊரோடு ஒப்பிட்டதாக ஆகும். 'லார்ஜர் தேன் தட் ஆஃப் மதுரை' என்று வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சாதிப் பொருளா என்று பாருங்கள்: சம்பளத்துக்குச் சம்பளம், வெயிலுக்கு வெயில்.

ஜூன் 15, காலை 9.00

'எல்டர் டு மீ' சரியா? இல்லை. 'தேன்' போட்டாலும் சரியில்லை. 'எல்டர்' பெயர்ச்சொல்லுக்கு முன்னால் குந்தி உட்காரும் சொல்: மை எல்டர் ப்ரதர், த எல்டர் டாட்டர். 'என்னை விட மூத்தவர்' என்பதற்கு 'ஓல்டர் தேன் மீ'. வீட்டு ஆட்களுக்குத்தான் எல்டர். கட்டடம், மரம், காருக்கெல்லாம் ஓல்டர்.

'டு' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்றால், 'சீனியர் டு மீ' யிலிருந்து. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் இவை லத்தீன் கம்பேரட்டிவ்கள். ஐஓஆர் என்பதுதான் லத்தீனின் ஈஆர். ஆங்கிலத்துக்குள் வந்தும் 'தேன்' ஏற்காமல் 'டு' வோடு வாழ்கின்றன. ஏற்கெனவே கம்பேரட்டிவ் ஆனதால் 'மோர் சுப்பீரியர்' என்பது மோருக்கு மேல் மோர்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் மூத்தவர் 'எல்டர்', மூன்று இருந்தால் 'எல்டஸ்ட்'. தமிழில் 'மூத்தவர்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுவதால் இரண்டே பிள்ளைகள் உள்ள வீட்டிலும் 'எல்டஸ்ட்' எழுதுகிறோம். பேச்சில் வெள்ளைக்காரரும் அப்படிச் சொல்வதுண்டு, தேர்வில் வேண்டாம். இரண்டில் ஒன்று என்றால் கம்பேரட்டிவுக்கும் 'த' வரும்: த டாலர் ஆஃப் த டூ.

ஜூன் 15, காலை 9.20

திருத்தம். 'மோர் சீனியர்' என்று அலுவலகங்களில் சாதாரணமாக எழுதுகிறார்கள் என்று ஒருவர் காட்டியிருக்கிறார். உண்மைதான். பதவி உயர்வைச் சொல்லும்போது 'எ மோர் சீனியர் போஸ்ட்' நல்ல ஆங்கிலம். அங்கே சீனியர் தன் லத்தீன் பிறப்பை மறந்து சாதாரண அட்ஜெக்டிவ் ஆகிவிட்டது. நான் 'சுப்பீரியர்' பற்றிச் சொன்னது நிற்கிறது.

ஜூன் 15, மதியம் 2.30

ஒழுங்கில்லாதவை: குட் பெட்டர் பெஸ்ட், பேட் வொர்ஸ் வொர்ஸ்ட், லிட்டில் லெஸ் லீஸ்ட், மச், மெனி மோர் மோஸ்ட். இவை மனப்பாடம், வேறு வழியில்லை. 'பெட்டர்' உண்மையில் 'குட்' டின் பிள்ளையே இல்லை, வேறு வேரிலிருந்து வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்தது 'நியர்'. பழைய ஆங்கிலத்தில் 'நை' என்பதுதான் 'அருகில்'. அதன் கம்பேரட்டிவ் 'நியர்', சூப்பர்லேட்டிவ் 'நெக்ஸ்ட்'. காலப்போக்கில் 'நியர்' கம்பேரட்டிவ் என்பதே மறந்துபோய், அதற்கு மேல் 'நியரர்', 'நியரஸ்ட்' கட்டினார்கள். 'நெக்ஸ்ட்' தனியாகக் கழன்று 'அடுத்தது' ஆகிவிட்டது. 'எல்டர்' அப்படி ஒரு பழைய எச்சம். அந்தக் காலத்தில் 'லாங்', 'ஸ்ட்ராங்' கூட உயிர் மாறி 'லெங்கர்', 'ஸ்ட்ரெங்கர்' என்று இருந்தன.

'ஃபார்தர்', 'ஃபர்தர்': தூரத்துக்கு இரண்டும் ஆகும். 'மேற்கொண்டு' என்ற பொருளுக்கு 'ஃபர்தர்' மட்டும். 'ஃபர்தர் டீடெய்ல்ஸ்'.

ஜூன் 15, இரவு 11.10

மூன்று அசை என்றால் மோர் என்று சொன்னீர்களே, 'அன்ஹேப்பியர்' எப்படி என்று கேள்வி. நல்ல கேள்வி. முன்னால் ஒட்டிய 'அன்' கணக்கில் வராது, வால் இன்னும் ஒய்தான். 'அன்டைடியர்', 'அன்லக்கியர்' எல்லாம் உண்டு. மொழியியல்காரர்களுக்கு இதில் ஒரு தீராத சிக்கல். பொருளைப் பார்த்தால் 'அன்ஹேப்பி' முதலில் உருவாகி அதன் மேல் ஈஆர் ஏற வேண்டும், ஏனென்றால் 'கூடுதல் துக்கம்' என்பதுதான் அர்த்தம். அசைக் கணக்கைப் பார்த்தால் 'ஹேப்பியர்' முதலில் உருவாகி அதன் மேல் 'அன்' ஏற வேண்டும். ஒரே சொல்லை இரண்டு விதமாக அடைப்புக்குறிக்குள் போட வேண்டியிருக்கிறது.

ஜூன் 16, காலை 7.45

'வெரி டாலர்' கூடாது. 'மச் டாலர்', 'ஃபார் டாலர்', 'எ லாட் டாலர்' சொல்லுங்கள். 'ரொம்ப' என்ற ஒரே சொல்லை நாம் எல்லா இடத்திலும் போடுவதால் 'வெரி' யையும் எல்லா இடத்திலும் போடுகிறோம். சூப்பர்லேட்டிவுக்கு 'பை ஃபார் த டாலஸ்ட்'.

'மிக' இன்னும் வில்லங்கம். 'மிக உயரமான கட்டடம்' என்றால் 'வெரி டால்'. 'உலகின் மிக உயரமான கட்டடம்' என்றால் 'டாலஸ்ட்'. 'உலகின்' என்று எல்லை போட்டதும் 'மிக' சூப்பர்லேட்டிவ் ஆகிவிடுகிறது. மொழிபெயர்க்கும்போது எல்லை போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஆங்கிலத்திலும் இதே விளையாட்டு உண்டு: 'எ மோஸ்ட் யூஸ்ஃபுல் புக்' என்றால் 'வெகு பயனுள்ள', 'த மோஸ்ட் யூஸ்ஃபுல் புக்' என்றால் 'எல்லாவற்றிலும் பயனுள்ள'. 'எ', 'த' இரண்டும்தான் வித்தியாசம்.

ஜூன் 16, காலை 8.05

'மோர் பெர்ஃபெக்ட்' கூடாது, முழுமைக்கு மேல் முழுமை ஏது என்று வாதிடுபவருக்கு: 1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையிலேயே 'மோர் பெர்ஃபெக்ட் யூனியன்' இருக்கிறது. முழுமையை நெருங்குதல் என்ற பொருளில் அது வரும். 'மோர் யுனீக்' மட்டும் கட்டுரையில் தவிருங்கள், படிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஜூன் 16, இரவு 8.50

'மோர் ஹேப்பி' பற்றி முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அது குற்றமில்லை, இடம் பார்த்து வரும். ஓரசைக்கும் ஒய் வாலுக்கும் கூட மோர் கட்டாயமாகும் ஓர் இடம் உண்டு: ஒரே ஆளின் இரண்டு குணங்களை ஒப்பிடும்போது. 'அவனுக்குக் கோபத்தை விட வருத்தம்தான்' என்பதற்கு 'ஹி இஸ் மோர் சேட் தேன் ஆங்ரி'. இங்கே 'சேடர்' போட்டால் வாக்கியம் உடைந்துவிடும். 'இதை வருத்தம் என்று சொல்வது பொருத்தம்' என்பதுதான் அங்கே மோரின் வேலை, அளவைக் கூட்டுவது அல்ல. அடுக்கிச் சொல்லும்போதும் வரும்: 'மோர் பீஸ்ஃபுல் அண்ட் மோர் ஹேப்பி' என்று ஜோடி சேர்ப்பதற்காக. மற்றபடி 'ஹேப்பியர்' தான்.

ஜூன் 17, காலை 10.15

கேட்டவர் திரும்பி வந்து, 'எல்லாம் சொன்னீர்கள், என் ஓப்பனுக்கு மட்டும் பதில் இல்லை' என்கிறார். ஆமாம், ஈரசை என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். ஈஎன் வாலை முதல் நாள் பட்டியலில் விட்டுவிட்டேன், சேர்த்துக்கொள்ளுங்கள்: ஓப்பன், சடன், கோல்டன், உட்டன் எல்லாம் மோர். 'ஓப்பனர்' என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது. ஒன்று சோடா பாட்டில் மூடியைக் கழற்றும், இன்னொன்று மட்டையோடு முதலில் ஆட வரும்.